மீன்பாடி வண்டி: பாதி ஸ்கூட்டர், பாதி தள்ளுவண்டி

போன செமஸ்டரில் ஒரு நாள், வகுப்பில் வாகன வகைகள் பற்றிப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. இருசக்கரம், மூன்று சக்கரம், இலகுரக சரக்கு வாகனம், கனரக வாகனம் என்று பலகையில் கிளை கிளையாகப் படம். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து, "சார், மீன்பாடி வண்டி இதுல எந்தக் கிளைல சார் வரும்?" என்றான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான். நான் காசிமேட்டுக்காரன் என்பது வகுப்புக்கே தெரியும். எல்லோரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. நிஜமாகவே, அது எந்தக் கிளையில் வரும்?

வெளியூர் நண்பர்களுக்காக முதலில் ஒரு அறிமுகம். மீன்பாடி வண்டி என்பது மூன்று சக்கரச் சரக்கு வண்டி. பழைய மிதிவண்டி வகைச் சட்டத்தில் பலகை அடித்து, அதில் ஏதாவது ஒரு பழைய ஸ்கூட்டரின் இன்ஜினைப் பொருத்தியிருப்பார்கள். பெரும்பாலும் நம்பர் பிளேட் இருக்காது. ஹாரன் இருந்தால் அதிர்ஷ்டம். சத்தமும் புகையும் வண்டிக்கு முன்னாலேயே தெருவுக்குள் வந்துவிடும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் விடியற்காலை நாலு மணிக்கு நின்று பார்த்தால் ஐஸும் மீன் கூடையும் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும். பகலில் அதே வண்டி கட்டில், பீரோ, தண்ணீர் கேன், இரும்புக் கம்பி எல்லாம் ஏற்றும். பெயரில் வரும் 'பாடி' லாரிக்குக் கட்டுகிற பாடிதான். நாமக்கல்லில் 'பாடி கட்டுறது' என்று சொல்வார்களே, அதே பாடி. பாட்டுப் பாடுகிற பாடி அல்ல :-)

இனி வரலாறு. வடசென்னையில் வண்டி செய்வது புதுசு இல்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1950-ல் இங்கிலாந்தின் லேலண்டுடன் ஒப்பந்தம், 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றம். அதன் பிறகு காரை விட்டுவிட்டு லாரி, பஸ் என்று பெரிய வண்டிகள் பக்கம் போய்விட்டார்கள். அதே 1955-ல் கொஞ்சம் தெற்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா வந்தது. இங்கிலாந்தில் பிறந்த புல்லட் பைக் அங்கேதான் வளர்ந்தது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1970 வாக்கில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவே இல்லை.

ஆக, ஒரே கடற்கரைச் சாலையில் ஒரு பக்கம் டன் கணக்கில் இழுக்கும் லாரி, இன்னொரு பக்கம் இரண்டு பேர் போகும் பைக். நடுவில்? முந்நூறு கிலோ சரக்கை ஆறேழு கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டும் என்றால் எந்த வண்டி? காசிமேட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு அவ்வளவு தூரம்தான். லாரி எங்கள் தெருவுக்குள் திரும்பாது, திரும்பினாலும் ஒரு ஆளின் சரக்குக்கு யார் லாரி பிடிப்பார்கள்? பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற விடமாட்டார்கள். தலைச்சுமை, கைவண்டி, மிதி வண்டி இவ்வளவுதான் இருந்தது. 1980-களில் மீன்பிடித் துறைமுகம் செயல்பாட்டுக்கு வந்து விசைப்படகுகள் பெருகியபோது கரைக்கு வரும் மீனும் ஐஸும் பல மடங்கு ஆனது. மீன் காத்திருக்காது. ஐஸ் அதைவிடக் காத்திருக்காது.

இதோடு இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கணிப்பு. 1973-ல் தமிழக அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. மூன்று சக்கரத்துக்குச் சட்டம் வளைக்க, ஆக்சில் போட, ரிம் கோர்க்கத் தெரிந்த பட்டறைகள் அப்போது ஊரெங்கும் இருந்தன. வேண்டியதெல்லாம் கால் மிதிக்குப் பதிலாக ஒரு இன்ஜின்.

அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. இத்தாலியில் 1946-ல் வெஸ்பா ஸ்கூட்டர் வந்தது. அதை வடிவமைத்த கொராடினோ டி'அஸ்கானியோ ஹெலிகாப்டர் செய்தவர், மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காதாம். கிரீஸ் ஒட்டும் செயினே வேண்டாம் என்று இன்ஜின், கியர்பாக்ஸ், பின்சக்கரம் மூன்றையும் ஒரே கட்டாகச் சேர்த்துவிட்டார். இந்தியாவில் பஜாஜ் 1960 வாக்கில் உரிமம் வாங்கி அதைச் செய்தது. 1971-ல் உரிமம் முடிந்ததும் கிட்டத்தட்ட அதே அமைப்பில் செடக் என்று தன் பெயரில் விட்டது. புது ஸ்கூட்டருக்கு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஆனால் விபத்தில் உடைந்தது, வெள்ளத்தில் மூழ்கியது, உடல் துருப்பிடித்தது எல்லாம் கடைசியில் புதுப்பேட்டைக்குத்தான் வரும். அங்கே ஸ்கூட்டரின் பின்பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் என்ன கிடைக்கும்? தானே சுற்றுகிற ஒரு சக்கரம்! செயின் வேண்டாம், டிஃபரென்ஷியல் வேண்டாம். மூன்று சக்கர வண்டியின் ஒற்றைச் சக்கரம் இருக்கிற இடத்தில் அதை அப்படியே மாட்டினால் போதும்.

இன்னொன்றும் உண்டு, நம்ம டிபார்ட்மென்ட் பசங்க கவனிக்க. பைக் இன்ஜின் எதிர்க்காற்றில்தான் குளிரும். வண்டி மெதுவாகப் போனால் சூடேறும். ஸ்கூட்டர் இன்ஜினோ மூடிக்குள் இருப்பதால் அதற்கு ஃப்ளைவீலிலேயே விசிறி வைத்திருந்தார்கள். நின்ற இடத்தில் உறுமினாலும் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். முந்நூறு கிலோவை முதல் கியரில் இழுத்துக்கொண்டு சந்துக்குள் ஊர்ந்து போகிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சின்ன இன்ஜின் அந்தக் காலத்தில் கையில் கிடைத்திருக்காது. இதையெல்லாம் எந்தப் பட்டறைக்காரரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். நாலைந்து இன்ஜினை எரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

என் பெரியப்பா 1988-ல் தன் வண்டியை வீட்டு வாசலிலேயே கட்டினார். அதுவரை மிதி வண்டிதான். புதுப்பேட்டையில் 1960-களின் பஜாஜ் வெஸ்பா ஒன்றின் பின்பாதியை அறுநூறு ரூபாய்க்கு வாங்கி, அதைத் தன் மிதி வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு மிதித்தே வந்தாராம். வரும் வழியில் ஒரு பொடியன் "இன்னா அண்ணாத்த, இஞ்சின வச்சிக்கினு மிதிக்கிற?" என்று கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். வெல்டிங் மட்டும் வெளி ஆள். தெருமுனைப் பட்டறையிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து இரண்டு ராத்திரி வேலை. பழைய மிதி வண்டியில் பலகை முன்னால், ஓட்டுகிறவர் பின்னால். அதை மாற்றவில்லை. முன்னால் இரண்டு சக்கரத்துக்கு மேல் பலகை, பலகையின் பின்விளிம்பில் குறுக்காகப் பற்றவைத்த குழாய்தான் கைப்பிடி. கைப்பிடியைத் திருப்பினால் பலகை, சரக்கு, இரண்டு சக்கரம் எல்லாம் சேர்ந்து திரும்பும். கைப்பிடியின் இடது முனையில் ஸ்கூட்டரின் கியர் முறுக்கி, வலது முனையில் ஆக்சிலரேட்டர். உட்கார ஒரு மரப்பலகை, அதன்மேல் மடித்த சாக்கு. ரிவர்ஸ் கியர் கிடையாது, இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இப்படிச் செய்தவர்கள் வடசென்னைக்காரர்கள் மட்டும் இல்லை. பிக்கப் வண்டியின் பிறப்பே இப்படித்தான். அமெரிக்க விவசாயிகள் தங்கள் ஃபோர்டு மாடல் டி காரின் பின்பாதியைக் கழற்றிவிட்டு மரப்பெட்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1925-ல்தான் ஃபோர்டு தானே பிக்கப் பாடியோடு மாடல் டி-யை விற்க ஆரம்பித்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கப் படை மணிலாவில் விட்டுப்போன ஜீப்புகளின் பின்பக்கத்தைப் பிலிப்பைன்ஸ்காரர்கள் வெட்டி நீட்டி ஜீப்னி ஆக்கினார்கள். 1953-ல் சராவ் என்ற பட்டறை அதையே தொழிலாக எடுத்துச் செய்தது. டெல்லியில் போர்க்கால ஹார்லி டேவிட்சன் பைக்குகளின் பின்னால் இருக்கை கட்டி 'பட்பட்' என்று ஓட்டினார்கள். 1998-ல் காற்று மாசு வழக்கில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவோடு அது போனது. வெஸ்பா கம்பெனியே 1948-ல் தன் ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் வைத்து 'ஆப்பே' என்று விட்டது. எங்கள் பெரியப்பா செய்ததும் கிட்டத்தட்ட அதுதான், முன்பின் மாற்றி!

இதில் என்னை உறுத்துவது குஜராத் கதை. சௌராஷ்டிரா பக்கம் புல்லட்டின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்னால் பலகைப் பெட்டி கட்டி 'சக்டா' என்று ஓட்டினார்கள். புல்லட் எங்கே செய்தது? நம்ம திருவொற்றியூரில்! பிறகு ராஜ்கோட்டின் அதுல் ஆட்டோ கம்பெனி அந்தச் சக்டாவைத் தொழிற்சாலையில் செய்து, முறையாகப் பதிவு எண்ணோடு விற்றது. நம்ம ஊரில் செய்த பைக் அங்கே போய்க் கௌரவமான சரக்கு வண்டி ஆகிவிட்டது. நம்ம தெருவில் பிறந்த சரக்கு வண்டியை எந்தக் கம்பெனியும் எடுத்துச் செய்யவில்லை. அசோக் லேலண்ட் சின்ன சரக்கு வண்டி என்று 'தோஸ்த்' விட்டது 2011-ல், அதுவும் ஓசூரில். 1948-லிருந்து கணக்குப் போட்டால் 63 வருஷம். அதற்குள் இங்கே இரண்டு தலைமுறை மீன்பாடி ஓட்டிவிட்டது.

எங்கள் ஊர் வண்டி என்பதால் அதன் குறையை மறைக்கப் போவதில்லை. பெரியப்பா வண்டியில் பிரேக் என்பது பின்னால் இருந்த ஸ்கூட்டர் சக்கரத்தின் பிரேக் ஒன்றுதான். சரக்கு மொத்தமும் முன்னால். பிரேக் பிடித்தால் எடை இன்னும் முன்னால் சாயும், பின்சக்கரம் தரையில் பிடிப்பில்லாமல் இழுபடும். அதாவது எந்தச் சக்கரத்தில் எடை குறைவோ அதில் மட்டும் பிரேக். இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில் இந்த அமைப்பை வரைந்தால் சைபர் மார்க் போடுவார்கள்.

1996-ல் ஒரு மழை நாளில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம், ஆறு ஐஸ் பார் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு பார் ஐம்பது கிலோ. கேட் மூடப்போகிற அவசரத்தில் குறுக்கே வந்த சைக்கிள்காரரைக் கண்டு பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. அந்த மனிதருக்குக் கால் முறிந்தது. பெரியப்பாவே அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஐஸ் ரோட்டிலேயே கரைந்தது. அதற்குப் பின்னால்தான் விஷயம் புரிந்தது. ஒரு லாரி இடித்திருந்தால் அந்த மனிதர் நஷ்டஈட்டு வழக்குப் போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பணம் வாங்கியிருக்கலாம். இந்த வண்டிக்குப் பதிவு இல்லை, பதிவு இல்லாததால் இன்சூரன்ஸ் இல்லை. பெரியம்மாவின் செயினை வைத்துப் பதினோராயிரம் கொடுத்தார்கள். அந்தச் செயின் திரும்பி வரவில்லை. சைக்கிள்காரருக்குக் கால் நேராகக் கூடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டார்கள். வண்டியை நான் கேலி செய்தால் சேர்ந்து சிரிக்கிற பெரியப்பா, இந்தப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று போய்ப் படித்தேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், நாலு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சிசி-க்கு மேல் போகாத இன்ஜின் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. எங்கள் வண்டியில் இருப்பது 150 சிசி. ஆகவே அது மோட்டார் வாகனம். மோட்டார் வாகனம் என்றால் 39-வது பிரிவின்படி பதிவு வேண்டும், 146-வது பிரிவின்படி இன்சூரன்ஸ் வேண்டும். பதிவு வேண்டும் என்றால் தயாரிப்பாளர் முன்மாதிரியைக் கொடுத்துச் சோதனையில் தேறி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். இங்கே தயாரிப்பாளர் யார்? பெரியப்பாவும் வெல்டிங்காரரும்! சரி, ஸ்கூட்டராக முன்பே பதிவானதை மாற்றிக் கட்டியது என்று சொல்லலாமா? 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய ஜீப்பின் பின்பாதியை வெட்டி வீட்டிலேயே பிக்கப் ஆக்கலாம் என்று கனவு காணும் நம்ம வகுப்பு நண்பருக்கும் இது பொருந்தும். (மச்சி, யாரைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.)

வட இந்தியாவின் 'ஜுகாட்' வண்டிகள் பற்றி 2013-ல் ஒரு தீர்ப்பு வந்தது. அவையும் மோட்டார் வாகனமே, சட்டப்படி பதிவும் இன்சூரன்ஸும் இல்லாமல் ஓடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயப்படி பார்த்தால் தப்பே இல்லாத தீர்ப்பு. சைக்கிள்காரரின் கால் அதைத்தான் சொல்கிறது. ஆனால் 2022 ஏப்ரலில் பஞ்சாபில் என்ன நடந்தது பாருங்கள். பைக்கைச் சேர்த்துக் கட்டிய சரக்கு வண்டிகளைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். ஓட்டுகிறவர்கள் ரோட்டுக்கு வந்ததும் உடனே உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நம்ம ஊரிலும் போலீஸ் அவ்வப்போது கணக்கெடுத்துப் பிடிக்கும், கொஞ்ச நாள் வண்டிகள் காணாமல் போகும், பிறகு நாலு மணிக்கு மறுபடியும் அதே சத்தம் கேட்கும். தடை செய்தால் ஐஸ் எப்படிப் போகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தடை மட்டும் போட்டால் இப்படித்தான் ஆகும்.

சட்டத்தால் புது வண்டிக்குப் பெயர் வைக்க முடியாது என்பதும் இல்லை. டெல்லித் தெருக்களில் பேட்டரி ரிக்‌ஷாக்கள் இதே மாதிரி பதிவில்லாமல்தான் பெருகின. 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதற்கு மேல் நடந்ததுதான் வேடிக்கை. அதே வருஷம் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, 2015-ல் சட்டத்தையே திருத்தி '2ஏ' என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். அதில் ஆள் ஏற்ற இ-ரிக்‌ஷா, சரக்கு ஏற்ற இ-கார்ட் இரண்டும் வந்துவிட்டன. 4000 வாட்டுக்கு மிகாத மோட்டார், மூன்று சக்கரம், 310 கிலோ வரை சரக்கு. அந்த 310 கிலோவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு ஐஸ் பார்!

இதற்கிடையில் மீன்பாடியை அடக்கியது போலீஸோ கோர்ட்டோ அல்ல. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. முக்கால் டன் ஏற்றும், ரிவர்ஸ் போகும், கடனும் கிடைக்கும். குட்டி யானை என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. அதே சமயத்தில்தான் செடக் தயாரிப்பும் நின்றது. செயின் இல்லாத ஸ்கூட்டர்கள் குறைந்து, பெல்ட்டில் ஓடும் கியர் இல்லாத வண்டிகள் வந்தன. புதுப்பேட்டையில் நல்ல பழைய இன்ஜின் கிடைப்பது வருஷா வருஷம் கஷ்டமாகிவிட்டது என்று பெரியப்பா சொல்வார். ஆனாலும் மீன்பாடி முழுசாக ஒழியவில்லை. குட்டி யானை வாங்க முன்பணம் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், எங்கள் சந்தில் திருப்ப இடம் வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் படகு போகாது, ஐஸ் ஓடாது, மாதத் தவணை மட்டும் வரும். தவணை இல்லாத வண்டி என்பதுதான் அந்த இரண்டு மாதத்தில் மீன்பாடியின் பெருமை.

கடைசியில் பெரியப்பா 2022-ல் ஓட்டுவதை நிறுத்தினார். போலீஸ் பிடித்து அல்ல, இடுப்பு வலி. கிக்கரை உதைக்க முடியவில்லை. பெரியப்பா மகன், என் அண்ணன், கடன் போட்டு ஒரு பேட்டரி சரக்கு வண்டி எடுத்தான். பச்சை நம்பர் பிளேட், மஞ்சள் எழுத்து, இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் பிளாஸ்டிக் கவரில். எங்கள் குடும்பத்திலேயே முதல் முறையாகப் பதிவான வண்டி. பழைய பலகை விறகாகிவிட்டது. இன்ஜின் மட்டும் மாடிப்படிக்குக் கீழே சாக்கு போர்த்தி நிற்கிறது. பழைய ஸ்கூட்டர் சேர்க்கிறவர்கள் இரண்டு பேர் வந்து நல்ல விலை கேட்டும் கொடுக்கவில்லை.

போன மாதம் வகுப்புக் கேள்வியை அவரிடம் சொன்னேன். "பெரிப்பா, உங்க வண்டி எந்த வகைல வரும்னு கேட்டாங்க."

"இன்னா வகை? ஐஸ் வகை" என்றார்.

அன்றைக்குத்தான் அண்ணனின் புது வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை என்று முதலில் பயந்தார், பிறகு பழகிவிட்டது. ஆனால் தெருமுனை வருவதற்குள் நாலு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார். நிறுத்தச் சொல்லிக் கேட்டேன், என்ன என்று. முப்பது வருஷத்துக்கு மேல் சரக்கைக் கண்ணுக்கு முன்னால் வைத்து ஓட்டியவர்.

"சரக்கு முதுகுக்குப் பின்னால இருந்தா, எது வுயுதுன்னு எப்டிடா தெரியும்?"

அண்ணன் எட்டி, வலது பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே திருப்பி வைத்தான்.